சென்ற வாரத்தைவிடச் சிறு மாற்றம்

பிப்ரவரி 11

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நானும் உன் அண்ணியும் சுகம். அவளுடைய முழங்கால் வலி மட்டும் வாடகைக்கு வந்து சொந்த வீடாக்கிக்கொண்டது. உன் தலைவலி எப்படி இருக்கிறது? கண்ணாடி மாற்றினாயா, இல்லை இன்னும் பழையதையே துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்கிறாயா?

கொத்துக்கரண்டி பிடித்த உன் அண்ணன் இப்போது பேனா பிடிக்கிறான். சிரிக்காதே. எங்கள் ஆலையில் தையல் ஹால் கீழ்த்தளத்தில் இருக்கிறது. இருநூறு மெஷின், இருநூறு பெண்கள். மாடியில் துணி உருளைகளை அடுக்குகிறார்கள். ஹாலில் ஏழாம் நம்பர் தூணும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு விரிசல். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் கூடம் நிஜமாகவே கொஞ்சம் கோணல். தூணில் ஓர் ஆணி, சுவரில் ஓர் ஆணி அடித்து, இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத் திங்கட்கிழமைதோறும் நான் அளக்க வேண்டும். தாளில் மூன்று கட்டம்: சென்ற வாரம், இந்த வாரம், குறிப்பு. முதல் இரண்டிலும் எண். மூன்றாவதில் இங்கிலீஷ். தலைமை ஆபீசில் படிப்பவர்களுக்கு வேறு பாஷை தெரியாதாம்.

அளவு அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் கூடுகிறது. நான் "லிட்டில் லிட்டில் டிஃபரன்ட்" என்று எழுதிவிட்டேன். சூப்பர்வைசர் அதைக் கேன்டீனில் எல்லோரும் கேட்க வாசித்தான். "கொத்தனாரே, இது என்ன, குழந்தைப் பாட்டா?" என்றான். இரண்டு நாள் எல்லோரும் என்னை "லிட்டில் லிட்டில்" என்றுதான் கூப்பிட்டார்கள். உன் அண்ணியும் சேர்ந்து சிரித்தாள். அவளுடைய மெஷின் அந்தத் தூணுக்குப் பக்கத்தில்தான், ஜன்னலோரம்.

சின்ன வித்தியாசத்தை மரியாதையான இங்கிலீஷில் எப்படி எழுதுவது? எழுதி அனுப்பு. வகுப்பெடுக்காதே, வார்த்தையை மட்டும் சொல்.

உன் அண்ணன்


பிப்ரவரி 24

அன்புள்ள லிட்டில் லிட்டில் அண்ணனுக்கு,

நான் நலம். கண்ணாடி மாற்றிவிட்டேன், இப்போது என் முகத்துச் சுருக்கமெல்லாம் எனக்கே தெரிகிறது. அண்ணியை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். நீ சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நீயே கொடுத்தாலும் தப்பில்லை.

இன்ஷூரன்ஸ் ஆபீசில் பதினாறு வருஷமாக ஊரார் ரிப்போர்ட்டை டைப் அடிக்கிறேன், என் அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேனா? இப்படி எழுது: "ஸ்லைட் வேரியேஷன்." கீழே ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதியிருக்கிறேன், பார்த்துப் பார்த்து எழுது.

நீ வேண்டாம் என்றாலும் சின்ன வகுப்பு உண்டு. வேலையைப் பாதிக்காத, கண்ணுக்குப் பெரிதாகப் படாத மாற்றத்துக்குத்தான் இதைப் போட வேண்டும். பெரிய மாற்றத்துக்குப் போட்டால் அது பொய். இன்னொன்று, எதைவிட மாற்றம் என்று சேர்த்து எழுத வேண்டும். மொட்டையாக விட்டால் படிப்பவன் குழம்புவான். நீ அளப்பது சென்ற வாரத்தோடு ஒப்பிட்டுத்தானே? அப்படியானால் "ஃப்ரம் லாஸ்ட் வீக்" என்று பின்னால் சேர்த்துக்கொள். சென்ற வாரத்தைவிடச் சிறு மாற்றம். அவ்வளவுதான். இனி எவனும் சிரிக்க மாட்டான்.

தங்கை


மார்ச் 20

அன்புள்ள வாயாடிக்கு,

சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் வார்த்தை பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. தலைமை ஆபீசிலிருந்து வந்தவர் தாளைப் பார்த்துவிட்டு, "யார் எழுதினது இது? சுத்தமா இருக்கே!" என்றாராம். சூப்பர்வைசர் மூஞ்சி போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். இப்போது பாய்லர்காரனும் லிஃப்ட்காரனும் என்னிடம் வந்து அதையே காப்பியடித்துக்கொண்டு போகிறார்கள். லிட்டில் லிட்டில் போய், நான் வேரியேஷன் அண்ணன் ஆகிவிட்டேன். பக்கத்து அறைக்காரி, அதுதான் உன் அண்ணியோடு வேலைக்குப் போய் வருகிறவள், எங்கள் வாளியை இரவல் வாங்க வரும்போதுகூட, "வேரியேஷன் அண்ணா, வாளி இருக்கா?" என்றுதான் கேட்கிறாள். வாங்கினால் திரும்பி வராது. நாங்கள் போய் அவளிடம் எங்கள் வாளியை இரவல் கேட்க வேண்டும்.

போன வாரம் விரிசலை அடைத்தேன். நாலு மில்லிமீட்டர் ஆனதும் அடைத்துவிட வேண்டும் என்பது இங்கே முறை. ஆணிகளைப் பிடுங்கி, கலவை வைத்துப் பூசி, சுண்ணாம்பு அடித்து, காய்ந்ததும் புது ஆணி அடித்தால் புதுத் தாள் ஆரம்பம். பூசின இடம் எது என்று அண்ணியே கண்டுபிடிக்கவில்லை. கை இன்னும் மறக்கவில்லை என்று எனக்கே பெருமையாக இருந்தது. பிடுங்கின ஆணிகளை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். கொத்தனார் ஆணியை வீசமாட்டான்.

உன் அண்ணன்


ஏப்ரல் 5

அன்புள்ள வேரியேஷன் அண்ணனுக்கு,

இங்கே எல்லாம் நலம். அண்ணியின் முழங்காலைக் கேட்டதாகச் சொல். அந்த வாளிக்காரியையும்தான்.

உன் கதையை ஆபீசில் சொன்னேன். என் பக்கத்து மேஜைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் அதிகாரியிடமும் சொன்னேன். அவரும் சிரித்தார்.

எனக்கு ஒரு சந்தேகம். ஆணியைப் பிடுங்கிப் புதிதாக அடித்தால், பழைய நாலு மில்லிமீட்டர் எங்கே போகும்? புதுத் தாளில் அது வருமா? எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, அது திடீரென்று ஞாபகம் வந்தது. நான் கட்டட வேலை தெரிந்தவள் அல்ல. தெரியாமல் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

பதில் போடு.

தங்கை


ஜூன் 30

அன்புள்ள தங்கைக்கு,

நலம். பதில் போடத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். மாடியில் புது ஆர்டருக்கான துணி வந்து இறங்கியிருக்கிறது. உருளைகள் கூரையைத் தொடுகின்றன.

உன் அண்ணியை ஹாலிலிருந்து மாற்றிவிட்டேன். இப்போது வாசல் பக்கம் பொத்தான் ஸ்டோரில் இருக்கிறாள். தனிக் கட்டடம். பஞ்சுத் தூசியால் அவளுக்கு இருமல், ராத்திரியெல்லாம் தூக்கமில்லை என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு இருமலே கிடையாது என்பது உனக்குத் தெரியும். அவளிடம், பொத்தான் ஸ்டோருக்கு நம்பிக்கையான ஆள் வேண்டுமென்று அவளைத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னேன். அவளுக்கு ஒரே பெருமை. "இவ்ளோ நாள் கழிச்சாவது கண்ணு தெரிஞ்சுதே அவங்களுக்கு"ன்னாள்.

ஏழாம் தூணுக்குப் பக்கத்தில் அவள் உட்கார வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று கேட்காதே. டப்பாவில் இப்போது ஏழு ஜோடி ஆணி இருக்கிறது. முதல் தடவை பூச ஆறு வாரம் ஆயிற்று. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. சூப்பர்வைசரிடம் ஒரு நாள் வாயெடுத்தேன். "தாள்ல நீயே ஸ்லைட்னுதானே எழுதுற? அப்புறம் என்ன?" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஒவ்வொரு வாரமும் சென்ற வாரத்தைவிடச் சின்ன மாற்றம்தான். நான் எழுதியதில் பொய்யே இல்லை.

சின்ன மாற்றத்துக்குச் சொன்னாய். அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் இங்கிலீஷில் என்ன எழுத வேண்டும்? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

உன் அண்ணன்


ஜூலை 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும், எனக்கு அது போதும்.

அண்ணியை மாற்றியது நல்ல காரியம். முழங்காலுக்கும் பொத்தான் ஸ்டோர் சௌகரியம், உட்கார்ந்தே வேலை. அவர்களுக்கு என் வாழ்த்தைச் சொல்.

தூணைப் பற்றி நான் என்ன சொல்ல? நீ கொத்தனார், நான் டைப்பிஸ்ட். பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீ கேட்ட வார்த்தை உடனே ஞாபகம் வரவில்லை, பார்த்து எழுதுகிறேன்.

இங்கே நல்ல மழை. ஆபீசுக்குப் புதுக் குடை வாங்கி மறுநாளே பஸ்ஸில் விட்டுவிட்டேன். மாடிப்படியில் பல்பு எரிவதில்லை, தடவித் தடவித்தான் ஏறுகிறேன். வேறு விசேஷம் இல்லை.

தங்கை


செப்டம்பர் 3

தங்கைக்கு,

நானும் அண்ணியும் உயிரோடு இருக்கிறோம். நீ பேப்பரில் பார்த்துவிட்டுப் பதறியிருப்பாய்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே பத்துக்குத் தையல் ஹால் விழுந்தது. ஏழாம் தூண் போயிற்று, பின்னாலேயே எட்டும் ஆறும். மாடித் துணியெல்லாம் கீழே. நான் அப்போது கேன்டீன் குழாயைச் சரி செய்துகொண்டிருந்தேன். முதலில் சத்தம் பெரிதாக இல்லை. யாரோ பெரிய பெட்டியை இழுக்கிற மாதிரி இருந்தது. பிறகுதான் புழுதி.

இதுவரை பத்தொன்பது பேரை எடுத்திருக்கிறார்கள். எல்லாம் பெண்கள். என் இரண்டு கையாலும் கல்லைப் புரட்டினேன். நான் பூசின சுண்ணாம்பை நானே அடையாளம் கண்டுகொண்டேன், வெள்ளை வெளேரென்று.

பக்கத்து அறைக்காரியும் போய்விட்டாள். ஏழாம் தூணுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு அந்த இடம் எப்படிக் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. அவள் மெஷின் எப்போதும் கதவோரம்தான்.

அண்ணி பேசுவதில்லை.

அண்ணன்


செப்டம்பர் 10

அண்ணா,

பேப்பரைப் பார்த்த நாளிலிருந்து உன் கடிதம் வரும்வரை நான் சாப்பிட்டது எனக்கு ஞாபகமில்லை. நீங்கள் இருவரும் இருக்கிறீர்கள் என்று படித்ததும் அழுதேன். அடுத்த வரியில் பத்தொன்பது என்று இருந்தது. சந்தோஷப்பட்டதற்காக மறுபடியும் அழுதேன்.

அண்ணியைத் தனியாக விடாதே. லீவு கேட்டிருக்கிறேன், கிடைக்கவில்லை. ஒரு வரியாவது எழுது.

தங்கை


செப்டம்பர் 29

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. கை நகம் இரண்டு பிய்ந்தது, வளர்ந்துவிடும்.

விசாரணை நடக்கிறது. முந்தாநாள் என்னைக் கூப்பிட்டார்கள். நீளமான மேஜை, அதற்கு அந்தப் பக்கம் மூன்று பேர். என் தாள்களையெல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக வாசித்தார்கள். ஸ்லைட் வேரியேஷன் ஃப்ரம் லாஸ்ட் வீக். அடுத்ததும் அதுவே. அதற்கடுத்ததும் அதுவே. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை, காது அடைத்துவிட்டது. கடைசியில் நடுவில் இருந்தவர் சொன்னார்: "எண்ணெல்லாம் கரெக்டா இருக்கு. குறிப்பும் எண்ணுக்குப் பொருத்தமா இருக்கு. இவர் மேல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல." என்னை வெளியே அனுப்பினார்கள். சூப்பர்வைசர் தோளில் தட்டி, "தப்பிச்சோம்யா, உன் இங்கிலீஷ் காப்பாத்திச்சு" என்றான்.

வாயாடி, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஜூன் கடைசியில் நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கும். நீ எதையும் கிழிக்கமாட்டாய் என்று தெரியும். அதை எரித்துவிடு. நான் எழுதியதில் அது ஒன்றில்தான் எனக்கு முன்பே தெரியும் என்று இருக்கிறது. அது யார் கையிலாவது கிடைத்தால் என் கதி என்ன, அண்ணி கதி என்ன? போனவர்கள் இதனால் திரும்பி வரப்போவதில்லை.

எரித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

அண்ணன்


அக்டோபர் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

கடிதத்தை அடுப்பு வரைக்கும் கொண்டுபோனேன். இரண்டு தடவை. முடியவில்லை.

உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போது சொல்கிறேன். ஏப்ரலில் உன் கதையை எங்கள் அதிகாரியிடம் சொன்னேன், அவரும் சிரித்தார் என்று எழுதினேன் அல்லவா? அவர் சிரித்துவிட்டு, "நம்ம கிட்ட வர்ற ஃபைல்ல அந்த ரெண்டு வார்த்தை இல்லாத ஃபைல் ஏதாவது இருக்காம்மா?" என்றார். எங்கள் ஆபீசுக்கு வருவதெல்லாம் விபத்து நடந்த பிறகு வரும் ஃபைல்கள். பதினாறு வருஷமாக நான் டைப் அடிப்பது அதைத்தான். எனக்கு அன்றைக்கே சுருக்கென்றது. அதனால்தான் பழைய நாலு மில்லிமீட்டர் எங்கே போகும் என்று கேட்டேன். அதற்கு நீ பதில் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. எதைவிட என்று சேர்த்து எழுதச் சொன்ன நான், முதல் நாளைவிட என்று எழுதச் சொல்லவில்லை.

ஜூன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு எல்லாம் புரிந்தது அண்ணா. நீ கேட்ட வார்த்தையும் தெரிந்துதான் இருந்தது. எழுதினால் நீ வம்பில் மாட்டுவாய் என்று பயந்தேன். அண்ணி தப்பித்தாயிற்று, அது போதும் என்று நினைத்தேன். குடையைப் பற்றி எழுதினேன். வாயாடி என்று பெயர் வைத்தாய், வாயைத் திறக்க வேண்டிய ஒரே தடவை நான் திறக்கவில்லை. உனக்கு உறைக்கட்டும் என்று இதை எழுதவில்லை. எனக்கு உறைத்துக்கொண்டே இருக்கிறது.

உன் கடிதத்தை இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உன் கையெழுத்து, உன் கையில் இருக்கட்டும். எரிப்பதோ, அந்த விசாரணை மேஜைக்காரர்களிடம் கொடுப்பதோ நீதான் செய்ய வேண்டும். கொடுத்தால் என் பெயரையும் சொல். நான் வந்து நிற்கிறேன்.

தங்கை


நவம்பர் 2

நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

தபால்காரர் வந்தபோது உன் அண்ணன் வீட்டில் இல்லை. கையெழுத்துப் போட்டு நான்தான் வாங்கினேன். நீ அனுப்பியது என்றதும் ஆசையாகப் பிரித்தேன். இரண்டு கடிதத்தையும் படித்தேன். மறுபடி படித்தேன்.

நாத்தனாரே, பொத்தான் ஸ்டோருக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று என்னைத் தேர்ந்தெடுத்ததாக உன் அண்ணன் சொன்னார். அதை நான் பக்கத்து அறைக்காரியிடம் பத்துத் தடவை சொல்லிப் பீற்றிக்கொண்டேன். ஹாலை விட்டுப் போகும் அன்று அவளைக் கூப்பிட்டு, "ஜன்னலோரம் நல்லா காத்து வரும்டி. வேற யாரும் பிடிக்கறதுக்குள்ள நீ போய் உக்காந்துக்கோ"ன்னேன். அவள் மெஷினைத் தள்ள நானும் ஒரு கை பிடித்தேன். அவளுக்கு நான் செய்த உபகாரம் அது. என்னைக் காப்பாற்றியவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் கத்திக் கூப்பாடு போட்டு அந்த இருநூறு பேரையும் வாசலுக்கு இழுத்து வந்திருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை போல.

அவர் வந்ததும் கடிதத்தைக் காட்டினேன். "எனக்கு நீ மட்டும்தான் தெரிஞ்ச"ன்னார். முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு அவர் மேல் இரக்கமும் வந்தது, வெறுப்பும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் மறுநாள் கிளம்பினேன். விசாரணை நடக்கும் இடத்துக்கு நானே கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். பாதித் தெருவில் பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவர் அந்த ஆணி டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். இருவரும் சேர்ந்தே உள்ளே போனோம்.

அந்த மேஜையில் டப்பாவைக் கவிழ்த்தார். பதினோரு ஜோடி. முதல் நாளிலிருந்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டார்கள். ஜோடிக்கு நாலு என்று கூட்டிச் சொன்னார். நாற்பத்து நாலு மில்லிமீட்டர். என் இரண்டு விரல் தாராளமாகப் போகும். அவரை அங்கேயே இருத்திக்கொண்டார்கள். எப்போது விடுவார்கள் என்று தெரியாது. உன்னையும் கூப்பிடுவார்கள் என்றார்கள். வா.

திரும்பி வந்ததும் பக்கத்து அறைக்காரியின் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த இடத்தை நான்தான் கொடுத்தேன் என்று சொன்னேன். அந்த அம்மா உள்ளே போய் எங்கள் வாளியை எடுத்து வந்து என் காலடியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வேறு என்ன எழுத. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. எனக்கு இருமல் கிடையாது. அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

உன் அண்ணி